மின்னல் எங்கோ விழ, மடிக்கணினி இங்கே பழுதாவது ஏன்?

2014ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, புதன்கிழமை. பிற்பகல் மணி 2.18. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் வர்த்தகம் திடீரென்று நின்றுபோனது. சந்தையின் கணினிகள் இயங்கிய தரவு மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. பங்கு வர்த்தகம் மறுநாள்தான் மீண்டும் தொடங்கியது.

காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒரு மின்னல். அது தரவு மையத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரத்தைச் சற்று நேரம் தடுமாற வைத்தது. அத்தகைய நேரத்தில் கைகொடுப்பதற்காகவே அங்கே மாற்று மின் இயந்திரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சரியாக இயங்கவில்லை. ஒரு நாட்டின் பங்குச் சந்தையே நின்றது.

கோடிக்கணக்கான வெள்ளி புழங்கும் இடத்துக்கே இந்த நிலை என்றால், உங்கள் மேசையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் நிலை என்ன? சிங்கப்பூரில் இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றலுக்கென ஒரு மின்னிலக்கக் கருவி இருக்கிறது. வீட்டுப்பாடம், திட்டப்பணி, ஆசிரியரின் குறிப்பு எல்லாம் அதற்குள்தான். அதைக் காப்பாற்றத் தேவையான அறிவியலில் பெரும்பகுதியை நீங்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கிறீர்கள்.

230 வோல்ட் என்பது பாதிக் கதை

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்று சொல்கிறோம். உண்மையில் அது ஒரு வகைச் சராசரி. நம்முடையது மாறுதிசை மின்னோட்டம். அது விநாடிக்கு 50 முறை அலைபோல ஏறி இறங்குகிறது. அலையின் உச்சத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய 325 வோல்ட். ஓர் அலை முடிய விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20,000 மைக்ரோ விநாடி ஆகிறது. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்த அமைதியான அலையின் மேல் சில சமயம் ஊசிபோல ஒரு கூர்முனை முளைக்கும். சில மைக்ரோ விநாடிகளில் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறி, 50 மைக்ரோ விநாடிக்குள் பாதியாகக் குறைந்து அடங்கிவிடும். ஓர் அலையின் நீளத்தில் அது 400இல் ஒரு பங்குதான். அறையில் விளக்குகூட மினுங்காது. மின்துறையினர் இதை ‘சர்ஜ்’ அல்லது ‘ஸ்பைக்’ என்பார்கள். நாம் இதை மின்னெழுச்சி என்று அழைப்போம்.

வீட்டுக் கருவிகள் ஓரளவு மின்னெழுச்சியைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. 230 வோல்ட்டில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவை 2,500 வோல்ட் வரையிலான குறுகிய எழுச்சியைத் தாங்க வேண்டும் என்பது அனைத்துலகத் தரநிலை. நுட்பமான மின்னணுக் கருவிகளுக்கு அந்த வரம்பு 1,500 வோல்ட். அதைத் தாண்டும்போதுதான் சிக்கல்.

மின்னல் தொடாமலே தாக்கும்

உலகில் மின்னல் மிக அதிகமாகத் தோன்றும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இங்கு ஆண்டுக்கு 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி முழங்குகிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு மின்னும் வாரங்களும் இடி உச்சத்தில் இருக்கும் வாரங்களும் ஏறக்குறைய ஒன்றே.

சிங்கப்பூரில் மின்கம்பிகள் பெரும்பாலும் நிலத்தடியில் செல்கின்றன. ஊரில் பார்ப்பதுபோல் தெருவோரக் கம்பத்தில் மின்னல் விழுந்து, அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் நுழைவது இங்கே அரிது. ஆனாலும் மின்னல் உள்ளே வர வேறு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி மின்காந்தத் தூண்டல். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே விதிதான். மாறும் காந்தப்புலம், அருகில் உள்ள கம்பி வளையத்தில் மின்னழுத்தத்தைத் தூண்டும். எவ்வளவு வேகமாகப் புலம் மாறுகிறதோ அவ்வளவு அழுத்தம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாதாரண மின்னலில் பாயும் உச்ச மின்னோட்டம் ஏறக்குறைய 30,000 ஆம்பியர். அது உங்கள் வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அறையில் அது உண்டாக்கும் காந்தப்புலம் 60 மைக்ரோ டெஸ்லா. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலத்தைப்போல் இது ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். பயப்படும் அளவு இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தப் புலம் ஐந்தே மைக்ரோ விநாடிகளில் சுழியத்திலிருந்து உச்சத்தை எட்டுகிறது.

இப்போது உங்கள் கணினிக்கு ஒரு பக்கம் மின்கம்பியும் இன்னொரு பக்கம் இணையக் கம்பியும் வருகின்றன. இரண்டும் சுவரோரமாகச் சுற்றிச் சென்று ஒரு பெரிய வளையத்தை உண்டாக்குகின்றன. அந்த வளையத்தின் பரப்பு 10 சதுர மீட்டர் என்றால், அதில் தூண்டப்படும் அழுத்தம் 120 வோல்ட். இணையக் கம்பியின் முனையில் இருக்கும் சில்லு இயங்குவதோ சில வோல்ட்டில். மின்னல் 100 மீட்டர் தள்ளித்தான் விழுந்தது. உங்கள் கட்டடத்தைத் தொடவே இல்லை.

உயரம் ஆபத்தில்லை, வேறுபாடே ஆபத்து

இரண்டாவது வழி நிலத்தின் வழியாக வருகிறது. வீவக கட்டடங்களின் கூரையில் இடிதாங்கி உண்டு. மின்னலை அது பிடித்து, உலோகப் பாதை வழியாக நிலத்துக்குள் இறக்கிவிடுகிறது. கட்டடம் தப்பிக்கிறது. ஆனால் நிலம் அந்த மின்னோட்டத்தை ஒரு நொடியில் விழுங்கிவிடாது. நிலத்தொடர்பின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமின் விதிப்படி 30,000 ஆம்பியரை 10 ஓமால் பெருக்கினால் 300,000 வோல்ட். சில மைக்ரோ விநாடிகளுக்கு அந்த இடத்தின் நிலமே அவ்வளவு உயர்ந்து நிற்கிறது.

அப்படியானால் கட்டடத்தில் உள்ள அனைத்தும் கருகிப்போக வேண்டாமா? மின்கம்பியின் மேல் உட்காரும் காகத்தை நினைத்துப் பாருங்கள். அதன் இரண்டு கால்களும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. வேறுபாடு இல்லாததால் மின்னோட்டம் அதன் உடலில் பாய்வதில்லை. கட்டடமும் அப்படித்தான். இரும்புக் கம்பிகள், தண்ணீர்க் குழாய்கள், மின்சாரத்தின் நிலக்கம்பி எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எதற்கும் சேதமில்லை.

ஒரு கருவிக்குள் நுழையும் இரண்டு கம்பிகளில் ஒன்று ஏறி, மற்றொன்று ஏறாமல் நிற்கும்போதுதான் இடைப்பட்ட அழுத்தம் முழுவதும் அந்தக் கருவியின் மேல் இறங்குகிறது. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் மோடங்கள் இடிமழையில் எளிதில் பழுதானதற்கு இதுவே முக்கியக் காரணம். மின்கம்பி ஒரு நிலத்தைச் சார்ந்திருக்கும். தொலைபேசிக் கம்பி தொலைவில் உள்ள இன்னொரு நிலத்தைச் சார்ந்திருக்கும். இன்று சிங்கப்பூர் வீடுகளுக்கு இணையம் பெரும்பாலும் கண்ணாடி இழை வழியாக வருகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியை மட்டுமே கடத்தும். வேகத்துக்காக வந்த தொழில்நுட்பம், சத்தமில்லாமல் ஒரு பாதுகாப்பையும் கொண்டு வந்திருக்கிறது.

எதிரி வீட்டுக்குள்ளும் உண்டு

எல்லா மின்னெழுச்சியும் வானத்திலிருந்து வருவதில்லை. லிட்டில் இந்தியாவின் கடைவீடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். கீழ்த்தளத்தில் உணவகம். அங்கே மாவரைக்கும் கிரைண்டர், உறைபெட்டிகள், குளிர்சாதனம், புகைபோக்கி விசிறி. இவை எல்லாவற்றிலும் மோட்டார் இருக்கிறது. மோட்டாருக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள்.

கம்பிச் சுருளுக்கு ஒரு குணம் உண்டு. தன் வழியே பாயும் மின்னோட்டம் திடீரென்று மாறுவதை அது விரும்பாது. வேகமாக ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோல, சுவிட்சை அணைத்த கணத்தில் சுருளில் இருக்கும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வழி அடைபட்டதால் அழுத்தம் ஏறும். சுவிட்சின் இடைவெளியில் சிறு தீப்பொறி தெறிக்கும். அந்த எழுச்சியில் ஒரு பகுதி அதே மின்சுற்றில் இருக்கும் மற்றக் கருவிகளுக்கும் போகும். பழைய ஏஎம் வானொலி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் மின்விசிறியை அணைத்தால் ‘சடக்’ என்று ஓர் ஒலி கேட்கும். நீங்கள் கேட்பது இந்தக் குட்டி மின்னெழுச்சியைத்தான்.

இவை மின்னலைப்போல ஒரே அடியில் கொல்வதில்லை. ஆனால் நாள்தோறும் பலமுறை வருகின்றன. கல்லில் சொட்டும் நீர்போல மின்னணுப் பாகங்களை மெல்ல மெல்லத் தேய்க்கின்றன. காரணமே தெரியாமல் ஓர் எல்இடி விளக்கு அணைந்துபோவதற்குப் பின்னால் இவையும் இருக்கலாம். பெரும்பாலும் பழுதாவது ஒளி தரும் பகுதி அன்று, அதற்கு மின்சாரம் அளிக்கும் சிறிய மின்சுற்று.

மெக்கன்சி சாலையிலிருந்து நானோமீட்டர் வரை

சிங்கப்பூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1906இல். ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் அவை முதலில் ஒளிர்ந்தன. அதற்கான மின்சாரம் டிராம் வண்டி நிறுவனம் நடத்திய மெக்கன்சி சாலை மின் நிலையத்திலிருந்து வந்தது. இன்றைய தேக்கா நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் அந்தச் சாலை இருக்கிறது.

அன்று மின்சாரம் பயன்படுத்திய கருவிகள் முரட்டுத்தனமானவை. கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு மின்னிழை. இரும்புச் சட்டத்தில் சுற்றிய செப்புச் சுருள். சில மைக்ரோ விநாடி எழுச்சியை அவை பொருட்படுத்தவே இல்லை.

இன்றைய சில்லு அப்படியில்லை. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களில் மின்சாரம் கடக்கக் கூடாத இடத்தில் ஒரு காப்புப் படலம் இருக்கும். அதன் தடிமன் ஒருசில நானோமீட்டர். சிலிக்கன் ஆக்சைடு படலம் ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய 1 வோல்ட் வரைதான் தாங்கும். அதற்குமேல் போனால் படலத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது.

மின்சாரம் பெரிதாக மாறவில்லை. மின்னலும் மாறவில்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் கருவிகள்தான் நூறு ஆண்டுகளில் மிகவும் மென்மையாகிவிட்டன.

தடுக்க முடியாது, திருப்பிவிடலாம்

மின்னெழுச்சிக்கு முன்னால் ஒரு சுவரைக் கட்டி நிறுத்திவிட முடியுமா? முடியாது. முகிலிலிருந்து நிலம்வரை காற்றையே கிழித்துக்கொண்டு வந்த மின்சாரம், உங்கள் சுவிட்சின் சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்த்துத் தயங்கி நிற்காது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தமிழ்நாட்டு ஏரிகளில் கலிங்கு என்ற அமைப்பு உண்டு. ஏரி நிரம்பி நீர்மட்டம் அளவுக்கு மேல் போனால், மிகுதி நீர் கலிங்கின் வழியாக வெளியேறிவிடும், கரை உடையாது. நீர் குறைவாக இருக்கும்போது கலிங்கு சும்மா இருக்கும். ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தைத் தணிக்க 2018இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டாம்ஃபர்ட் மாற்றுக் கால்வாயின் வேலையும் அதுதான்: வெள்ளத்தை நிறுத்தாமல், வேறு வழியில் திருப்பிவிடுவது.

மின்சாரத்துக்கும் ஒரு கலிங்கு வேண்டும். சாதாரண நாள்களில் அது மூடியிருக்க வேண்டும். அழுத்தம் வரம்பைத் தாண்டினால் அக்கணமே திறந்து, மிகுதியைத் திருப்பிவிட வேண்டும். அடங்கியதும் மீண்டும் மூடிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் ஒரு பொருளை 1960களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா உருவாக்கினார். அந்த நிறுவனத்தைத்தான் இன்று பேனசானிக் என்று அறிகிறோம். அந்தப் பொருளின் பெயர் வேரிஸ்டர். மாறும் மின்தடை என்று பொருள் கொள்ளலாம்.

வேரிஸ்டர் பார்க்க ஒரு சிறு வில்லைபோல இருக்கும். இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு. முகத்தில் பூசும் சில வெண்ணிறப் பசைகளிலும் இருக்கும் அதே பொருள்தான். அதனுடன் வேறு சில உலோக ஆக்சைடுகளையும் சிறிதளவு கலந்து, மண்பாண்டம்போலச் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். வெந்தபின் அது எண்ணற்ற நுண்மணிகள் நெருங்கி ஒட்டிய கட்டியாக ஆகிறது. இரண்டு மணிகள் ஒட்டும் எல்லை ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கதவு. ஏறக்குறைய 3 வோல்ட் வரை அந்தக் கதவு மூடியிருக்கும். அதற்குமேல் போனால் திறந்துகொள்ளும்.

230 வோல்ட் மின்சாரத்துக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் வேரிஸ்டர் 430 வோல்ட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கும். அப்படியானால் அதன் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை ஏறக்குறைய 140 எல்லைகள் வரிசையாக இருக்க வேண்டும். வில்லையைத் தடிமனாக்கினால் எல்லைகள் கூடும், திறக்கும் அழுத்தமும் கூடும். அலையின் உச்சமான 325 வோல்ட்டுக்கு அது அசையாது. ஆயிரம் வோல்ட் எழுச்சி வந்தால் நானோ விநாடிகளில் திறந்துகொள்ளும். ஜாலான் புசார் சாலையில் உள்ள சிம் லிம் டவர் போன்ற மின்னணுப் பாகக் கடைகளில் இதை நீங்களே பார்க்கலாம். ‘சர்ஜ்’ பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரின் உள்ளே பெரும்பாலும் இருப்பது இதுதான்.

இதற்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு பெரிய எழுச்சியும் சில மணி எல்லைகளைச் சிதைக்கிறது. கதவுகள் சரியாக மூடாமல் போகும், மின்சாரம் கசியும், வில்லை சூடாகும். அதனால்தான் நல்ல காப்புகளில் வெப்பம் மிஞ்சினால் வேரிஸ்டரைத் துண்டிக்கும் அமைப்பும், அது இன்னும் வேலை செய்கிறதா என்று காட்டும் சிறு விளக்கும் இருக்கும். அந்த விளக்கு அணைந்துவிட்டால், பிளக்கில் மின்சாரம் வரும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. பல வீடுகளில் வெறும் ஒயராக மாறிவிட்ட காப்பைத்தான் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் எதைக் காக்கிறார்?

வீட்டு மின்பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சுவிட்சுகள் தெரியும். இவ்வளவு இருக்கும்போது வேறு காப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காரர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய மாட்டார்.

எம்சிபி என்ற சுவிட்ச், மின்னோட்டம் அளவுக்கு மீறினால் விழும். கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. அது விழ விநாடியில் ஆயிரத்தில் பல பங்குகள் ஆகும். அதற்குள் மின்னெழுச்சி வந்து, சேதம் செய்து, போயே போய்விடும்.

ஆர்சிசிபி என்ற சுவிட்ச், மின்சாரம் கசிந்தால் விழும். மனித உயிரைக் காப்பது அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். 2023 ஜூலை 1 முதல் சிங்கப்பூரின் எல்லா வீடுகளிலும் இது கட்டாயம். பழைய வீடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. மின்னலின்போது சில வேளைகளில் இது விழுவதும் உண்டு. ஆனால் உங்கள் கணினியைக் காக்க இது உருவாக்கப்படவில்லை.

ஸ்டெபிலைசரை ஊரில் தாத்தா, பாட்டி வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் 180க்கு இறங்கினாலோ 260க்கு ஏறினாலோ அதைச் சரிசெய்யும். மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு அது மருந்து. மைக்ரோ விநாடி ஊசிக்கு அன்று.

யுபிஎஸ் மின்சாரம் நின்றுபோனால் மின்கலத்திலிருந்து தொடர்ந்து தரும். பங்குச் சந்தையின் தரவு மையத்தில் இருந்தது இதன் மிகப் பெரிய உறவினர். கனமான சக்கரம் ஒன்று எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். மின்சாரம் தடுமாறினால், சக்கரத்தில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றலே சில விநாடிகளுக்கு மின்சாரம் தரும். அதற்குள் டீசல் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். 2014இல் நடந்தது என்ன? ஓர் இயந்திரத்தில் கோளாறு ஏற்பட்டதால், இரண்டு இயந்திரங்களிலிருந்தும் வந்த மின்சாரத்தின் அதிர்வெண் ஒத்துப்போகவில்லை. இரண்டு மிருதங்கக் கலைஞர்கள் வேறு வேறு வேகத்தில் வாசித்தால் கச்சேரி எப்படிக் குழம்புமோ அப்படித்தான். பாதுகாப்புச் சுவிட்சுகள் விழுந்தன; கணினிகள் அணைந்தன. காவலர் இருந்தால் மட்டும் போதாது. அவர் சரியாக இருக்கிறாரா என்று அடிக்கடி பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது முள்ளின் மதிப்பு

கலிங்கு இருந்தும் வெளியேறும் நீருக்கு வாய்க்கால் இல்லை என்றால் என்ன பயன்? மின்னெழுச்சியின் வாய்க்கால்களில் முக்கியமானது நிலக்கம்பி, அதாவது எர்த். நம் மூன்று முள் பிளக்கில் மேலே நீளமாக இருக்கும் முள் அதற்குரியது. வெளிநாட்டில் வாங்கிய இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காகச் சிலர் எர்த் ஓட்டைக்குள் பேனாவை நுழைத்து அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது உயிருக்கே ஆபத்து. எர்த் இணைப்பே இல்லாத அடாப்டரில் காப்பைச் செருகினால், அதன் வாய்க்காலை நாமே அடைத்துவிடுகிறோம்.

வாய்க்கால் இருந்தால் மட்டும் போதாது, குட்டையாகவும் இருக்க வேண்டும். நேரான கம்பிக்குக்கூட மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி தன்தூண்டல் உண்டு. 3,000 ஆம்பியர் எழுச்சி 8 மைக்ரோ விநாடிகளில் உச்சத்தை எட்டினால், ஒரு மீட்டர் கம்பியில் மட்டுமே 375 வோல்ட் கூடுதலாகத் தோன்றும். வேரிஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், நீண்ட கம்பி அந்தப் பலனைக் குறைத்துவிடும். மின்பெட்டியில் இத்தகைய காப்பைப் பொருத்தும் மின்பணியாளர்கள் அதன் கம்பிகளை இயன்றவரை குட்டையாக வெட்டுவது இதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும்விட நல்ல காப்புக்குச் செலவே இல்லை. இடி நெருங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உங்கள் மடிக்கணினிக்கு மின்கலம் இருக்கிறது. மழை ஓயும்வரை அதுவே போதும். கம்பி வழியாக வரும் இணையத்தையும் கழற்றிவிட்டு வைஃபையில் வேலை செய்யலாம். வளையமே இல்லை என்றால் தூண்டலும் இல்லை. தலைக்குமேல் இடி முழங்கத் தொடங்கிய பிறகு பிளக்கைத் தொடப் போகாதீர்கள். கருவியைவிட நீங்கள் முக்கியம்.

‘சர்ஜ்’ பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கும்போது, பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா, காட்டும் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை ஜூல் என்று குறித்திருப்பார்கள். வாழ்நாளில் எவ்வளவு ஆற்றலை அது விழுங்க முடியும் என்பதன் அளவு அது. 1,000 ஜூல் என்பது 2,000 வாட் மின்கெண்டி அரை விநாடியில் செலவிடும் ஆற்றல். தண்ணீரைச் சூடாக்கப் போதாத அந்த அளவு, ஒரு சில்லைக் கொல்லத் தாராளமாகப் போதும். அந்த ஒயரைத் திறந்து பார்க்காதீர்கள். மின்பெட்டியில் காப்புப் பொருத்துவதானால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள்.

மின்தடை ஏற்பட்டாலும் இதே கவனம் வேண்டும். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் சிங்கப்பூரின் 19 பகுதிகளில் மின்சாரம் நின்றது. 146,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். 38 நிமிடங்களில் சரிசெய்யப்பட்டது. இப்படி மின்சாரம் திரும்பும் கணத்தில் எல்லா வீடுகளிலும் குளிர்சாதனங்களும் குளிர்பதனப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்தெழும். மின்னழுத்தம் சற்றுத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் அடங்கிய பிறகு கணினியைச் செருகினால் நல்லது.

கடைசியாக ஒன்று. 2015 ஆகஸ்ட் 13ஆம் தேதி, பெல்ஜியத்தில் உள்ள கூகல் தரவு மையத்துக்கு மின்சாரம் தரும் கட்டமைப்பை மின்னல் அடுத்தடுத்து நான்கு முறை தாக்கியது. உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் அமைத்த பாதுகாப்பு அங்கே இருந்தது. ஏறக்குறைய எல்லாமே தப்பித்தது. ஆனாலும் அங்கிருந்த ஒரு வகைச் சேமிப்பில் 0.000001 விழுக்காட்டுக்கும் குறைவான ஒரு துளி திரும்பப் பெற முடியாமல் அழிந்துபோனது. மிகச் சிறிய எண்தான். அந்தத் துளிக்குள் யாருடைய கோப்பு இருந்ததோ, அவருக்கு அது நூறு விழுக்காடு.

எனவே உங்கள் திட்டப்பணியின் இன்னொரு நகலை வேறோர் இடத்தில் வைத்திருங்கள். பழுதான மடிக்கணினிக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.